ஐந்தரை பாகத்துக் கம்பி

சிப்பிக்கரையில் சொன்ன சொல் சொன்னவர் காலடியிலேயே திரும்பி வந்து விழத் தொடங்கியது ஐப்பசி மழைக்கு முந்தின வாரம், தொபியாஸ் மகள் ஜெசிந்தா தன் ரேடியோவுக்குக் கம்பி கட்டிய நாளில். அதற்கு முன்னால் அந்த ஊரில் கடல் வந்து கல்லறைத் தோட்டத்தின் சுவரைத் தின்றதும் உண்டு, வீசின வலை வெறும் சொறிமீனோடு வந்ததும் உண்டு, மாதாவின் சப்பரம் நடுத்தெருவில் நின்றுகொண்டு ஒரு பகல் முழுக்க நகர மாட்டேன் என்று அடம்பிடித்ததும் உண்டு. ஆனால் சொல் விழுந்தது கிடையாது.

ஜெசிந்தா அந்தக் கரையிலிருந்து பொறியியல் கல்லூரிக்குப் போய்ப் பட்டத்தோடு திரும்பி வந்த முதல் ஆள். கல்லூரியில் இருந்த காலமெல்லாம் தன் பேச்சில் கடல் வாடை அடிக்கிறதோ என்று பயந்து பயந்து வாயைத் திறக்காமல், யார் எதைச் சொன்னாலும் "சரி சார், சரி மேடம்" என்று தலையாட்டியே பழகியதால், ஊருக்கு வந்த பிறகும் அவள் தலை தானாகவே ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீர் லாரிக்காரர் நாளைக்கு வருகிறேன் என்றாலும் ஆடியது, பேருந்து நடத்துநர் சில்லறை பிறகு தருகிறேன் என்றாலும் ஆடியது. தலையாட்டாமல் அவள் செய்த ஒரே காரியம் அமெச்சூர் ரேடியோ தேர்வு எழுதி உரிமம் வாங்கியது. கல்லூரிச் சங்கத்தில் தூக்கிப் போட்டிருந்த பழைய பெட்டியைக் கேட்டு வாங்கி, சரிசெய்து, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். "புயல்ல செல்போன் டவர் விழுந்தாலும் இது பேசும்" என்று அவள் சொன்னதும் ஊரில் யாரும் அதற்கு மேல் கேள்வி கேட்கவில்லை. புயல் என்ற ஒரு வார்த்தைக்கு அங்கே யாரும் விளக்கம் கேட்பதில்லை.

பெட்டி பேச வேண்டுமானால் வெளியே கம்பி வேண்டும். நடுவில் பிரித்து, இரண்டு பக்கமும் கை விரித்த மாதிரி கட்ட வேண்டும். இரண்டு கையும் ஒரே நீளம் இருக்க வேண்டும். அவள் பையில் அளவு நாடா இருந்தது. ஆனால் கம்பம் நட வந்த மெல்கியாஸ் சித்தப்பா நாடாவைப் பார்த்ததும் சிரித்தார்.

"அது என்னத்துக்குட்டி, தையக்காரன் மாதிரி? எத்தனை பாகம்னு சொல்லு, அளந்து போட்டுருவோம்."

சிப்பிக்கரையில் எல்லாமே பாகத்தில்தான் அளக்கப்படும். இரண்டு கையையும் விரித்து நின்றால் ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனி வரைக்கும் ஒரு பாகம். வலைக்கயிறும் நங்கூரக்கயிறும் பந்தல் துணியும் கடலின் ஆழமும் அந்தக் கைகளுக்குள்தான் அடங்கும். ஜெசிந்தா மீட்டரை மனசுக்குள் பாகமாக மாற்றி, "ஒரு பக்கத்துக்கு ஐந்தரை பாகம் சித்தப்பா" என்றாள். இந்தப் பக்கத்தை மெல்கியாஸ் அளந்தார், அவரோ கோயிலின் பக்கவாசலில் குனியாமல் நுழைய முடியாத மனுசன். அந்தப் பக்கத்தைச் சூசை அண்ணன் அளந்தார், அவரோ வள்ளத்துக்குள் நின்றால் கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தொப்பி மட்டும் தெரியும். ஒரே ஆள் அளக்க வேண்டும் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தாள், இரண்டு பெரியவர்களும் கையை விரித்து விரித்து அளக்கிற உற்சாகத்தைப் பார்த்து, "சரி" என்று தலையாட்டிவிட்டாள்.

சவுக்குக் கம்பத்துக்கும் ஐஸ் கட்டிக் கொட்டகையின் முகட்டுக்கும் நடுவே, வலை நைலானில் முடிச்சுப் போட்டுக் கம்பியை ஏற்றினார்கள். ஜெசிந்தா பெட்டியை முடுக்கிவிட்டு அளவுமானியைப் பார்த்தாள். அதில் இரண்டு முள்: ஒன்று போகிற முள், இன்னொன்று திரும்புகிற முள். பெட்டியும் கம்பியும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தால் போனது போனதுதான், வானத்துக்குப் போய்விடும். பொருந்தாவிட்டால் போனதில் ஒரு பங்கு வாசலிலேயே கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி திரும்பி வந்து, அனுப்பின பெட்டியையே சூடாக்கும். படுத்தே கிடக்க வேண்டிய திரும்புகிற முள் அன்றைக்கு எழுந்து நின்றது.

"ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இல்ல சித்தப்பா."

மெல்கியாஸ் உடனே திரும்பினார். "ஏல சூசை, நீ அளந்தது குறைச்சல்."

"நான் அளந்தது சரியாத்தான் இருக்கு. கை நீளமா வச்சிருக்கது உம்ம தப்பு."

டொக்கென்று ஏதோ விழுந்தது. மெல்கியாஸ் குனிந்து பார்த்தார். அவர் பெருவிரலுக்குப் பக்கத்தில் கோழிமுட்டை அளவில், அவித்த சங்கின் நிறத்தில் ஒரு கல் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருந்தது. அவர் அதை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிப் பார்த்து, "இது நான் சொன்னதுல்லா?" என்றார். சூசை அண்ணனும் வாங்கிப் பார்த்து, ஆமாம், உம்ம பேச்சுதான், இதே கனம்தான் என்றார். இந்த ஒரு விஷயத்தை மட்டும் அவர் மறுக்காததால் மெல்கியாஸுக்கு இரண்டாவது கல் விழவில்லை; சூசை அண்ணன் காலடியில் கிடந்த அவருடைய கல்லை அப்புறம்தான் பார்த்தார்கள்.

சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் விழுந்தது. யார் என்ன சொன்னாலும், கேட்டவர் அதை மனசுக்குள் வாங்கிக்கொண்டால் ஒன்றுமில்லை. வாங்கிக்கொள்ளாவிட்டால் அந்தச் சொல் திரும்பி வந்து, சொன்னவர் காலடியில் சூடாக விழும். சின்னச் சொல்லுக்குப் புளியங்கொட்டை அளவு, பெரிய சொல்லுக்குத் தேங்காய் அளவு. கம்பிக்குக் கிழக்கே அலை தொடுகிற இடம் வரைக்கும், மேற்கே தார்ச்சாலை தொடங்குகிற பாலம் வரைக்கும் இது நடந்தது, பாலத்தைத் தாண்டினால் நின்றுவிட்டது.

முதல் இரண்டு நாள் ஊர் கொஞ்சம் முழித்தது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. மாமியார்கள் செருப்புப் போட்டுக்கொண்டு மருமகள்களோடு பேசினார்கள். மீன் ஏலத்தில் வாய்க்கு வந்த விலையைக் கூவினவன் காலைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டியிருந்ததால் ஏலம் சீக்கிரம் முடிந்தது. ஐஸ் உடைக்கிற வாலிபன் ஒருவன் தையல் பள்ளிக்குப் போகிற ஒருத்தியிடம் தன் ஆசையைச் சொல்லி, அது தேங்காய் அளவில் வந்து விழுந்து, அவனே அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் வைத்தான்; மறுநாள் விடியுமுன்னே அவள் மனசு மாறி வாங்கிக்கொண்டபோது கட்டிலுக்கு அடியில் ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள். செபத்தில் சொன்னது மட்டும் ஒருநாளும் விழவில்லை. அது கேட்கப்பட்டதாலா, இன்னும் போய்க்கொண்டே இருப்பதாலா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டார்கள். அவர் யோசித்துவிட்டு, பதில் சொல்லாமல் இருப்பதே நல்லது என்று முடிவு செய்தார்.

சாமியாருக்கு அவருடைய கஷ்டமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் ஒரு வாரம் பீடத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கல் சேர்ந்தது, மறுவாரம் ஒன்றுகூட விழவில்லை. காரணத்தை, நெத்திலி காயப்போட்டு விற்கிற பிரகாசி அத்தைதான் கண்டுபிடித்தாள். யாரைப் பார்த்துச் சொல்லுகிறோமோ அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் வாங்கிக்கொண்டாலும் போதும், சொல் விழாது. ஜெசிந்தா காய்ச்சலில் படுத்த வாரம் கல் விழுந்தது, அவள் கோயிலுக்கு வந்த வாரம் விழவில்லை. "இவ ஒருத்தி இருந்தாப் போதும் சாமி, ஒங்க காலு தப்பிச்சுது" என்றாள் அத்தை. கோயில் முற்றமே சிரித்தது. ஜெசிந்தாவும் சிரித்தாள், ஆனால் வீட்டுக்கு வந்து நெடுநேரம் கண்ணாடி முன்னால் நின்று தன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழை பிடித்தது. மழைக்காலத்தில் சிப்பிக்கரைப் பெண்களுக்கு நெத்திலி காயப்போட வெயில் கிடைக்காமல் மீன் புழுத்துப் போவதுதான் வழக்கம். அந்த வருசம் பிரகாசி அத்தை தார்ப்பாய்க்கு அடியில் திரும்பி வந்த சொற்களைப் பரப்பி, அதற்கு மேல் ஓலை விரித்து, மீனைக் கொட்டினாள். ராத்திரி விடிவதற்குள் நெத்திலி சலசலவென்று காய்ந்திருந்தது. அதன்பிறகு வீட்டுக்கு வீடு தார்ப்பாய் ஏறியது. கல் ஒரு நாள்தான் சூடாக இருக்கும், ஆறினால் உதிர்ந்து மணலாகிவிடும் என்பதால் தினமும் புதிதாக வேண்டியிருந்தது. அதற்கு யார் வீட்டிலும் குறைவில்லை.

"குடிக்காதீரும் குடிக்காதீரும்னு காலையில ஒரு கூடை, பொழுது சாய ஒரு கூடை" என்றாள் அத்தை, கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டே. "எம் புருசன் என் பேச்சக் கேக்காததுக்கு இப்பத்தான் ஒரு பிரயோசனம் வந்துருக்கு."

ஜெசிந்தாவுக்கு மட்டும் மனசு அடங்கவில்லை. தப்பாக அளந்த கம்பி அது. ஒழுங்காக வேலை செய்கிற யாரும் அப்படியொரு கம்பியை மேலே விட்டுவைக்க மாட்டார்கள். தினமும் அளவுமானியைப் பார்த்தாள். ஊரில் சண்டை நடக்கிற நாளில் திரும்புகிற முள் மேலே ஏறும், கடலுக்குப் போனவர்கள் திரும்பி வந்து வீடுகள் அமைதியாக இருக்கிற நாளில் கொஞ்சம் இறங்கும். பெட்டியின் முதுகு சூடாகிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் மழை விட்ட நேரம் பார்த்து நாடாவை எடுத்துக்கொண்டு போய்க் கம்பத்து முடிச்சை அவிழ்க்கப் போனாள். மெல்கியாஸ் அளந்த பக்கத்தை வெட்டக்கூட வேண்டாம், நுனியை மடக்கிக் கட்டினாலே போதும்.

"ஏட்டி, கைய எடு."

கூடையோடு பிரகாசி அத்தை நின்றுகொண்டிருந்தாள்.

"இது தப்பு அத்தை. நான்தான் சரியா அளக்கச் சொல்லாம விட்டுட்டேன். இவ்வளவு திரும்பக் கூடாது. பெட்டி கெட்டுப் போகும்."

"கெட்டா கெடட்டும். இத்தன வருசமா நான் பேசுன பேச்செல்லாம் எங்க போச்சுன்னே எனக்குத் தெரியாது. காத்துல போச்சுன்னு நெனச்சேன். இப்பத்தான் கண்ணு பாக்க விழுது, கையில எடுத்தாச் சுடுது. இத அவுத்து மறுபடியும் தெரியாமப் பண்ணப் போறியா?"

ஜெசிந்தா தலையாட்டினாள். அத்தை சொன்னது விழவில்லை.

அதனால் வேறு வழி செய்தாள். கம்பியைத் தொடாமல், பெட்டிக்கும் கம்பிக்கும் நடுவே பொருத்துப் பெட்டி ஒன்றைச் செய்து வைத்தாள். அதில் இரண்டு திருகுகள். மாற்றி மாற்றித் திருகினால், ஒரு இடத்தில் ரேடியோவின் திரும்புகிற முள் அப்படியே படுத்துவிடும். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றும் சரியாகவில்லை என்று அவளுக்குத் தெரியும். கம்பி அதே கம்பிதான், தப்பு அதே தப்புதான். பொருத்துப் பெட்டிக்கு அந்தப் பக்கம் அலை போவதும் மோதித் திரும்புவதும் போவதுமாக ஓடி, கேபிள் சூடாகிக்கொண்டேதான் இருக்கும். ரேடியோவுக்கு மட்டும் அது தெரியாது. ரேடியோ தன் வாசலுக்கு வந்து சேர்வதை மட்டுமே அறியும்.

மார்கழியில் ரகுபதி என்பவர் வந்தார். வள்ளங்கள் ஏற்றி வைத்திருக்கிற மணலில் நிலக்கரி இறக்கும் தளம் கட்டப் போகிற கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி. வெள்ளைச் சட்டை, இனிமையான பேச்சு. ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும், பெரிய அதிகாரி வருவார், நீங்கள் பேசுவதை அரசாங்கம் கேட்கும், அதற்கு நான் உங்களைத் தயார் செய்கிறேன் என்றார். தளம் வந்தால் வள்ளம் ஏற்ற இடமில்லை, வள்ளம் ஏற்ற இடமில்லாவிட்டால் சிப்பிக்கரை என்று ஒரு ஊர் இல்லை. இதை ஊருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கற்களைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை. ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு தொல்லை, ஒரு ஊரில் கொசு, ஒரு ஊரில் இது.

"எங்கே, ஒருத்தர் பேசிக் காட்டுங்க" என்றார்.

"நாங்க இந்தக் கரைய விட்டுப் போக மாட்டோம்" என்றார் மெல்கியாஸ். கல் அவர் காலை நசுக்கியது.

"பாத்தீங்களா? அப்படிச் சொன்னா எப்படிப் போய்ச் சேரும்? கொஞ்சம் மாத்திச் சொல்லுங்க. 'தகுந்த மாற்று ஏற்பாடு செய்து தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.' சொல்லிப் பாருங்க."

மெல்கியாஸ் நாக்கு தடுக்கித் தடுக்கிச் சொன்னார். எல்லோரும் அவர் காலைப் பார்த்தார்கள். ஒன்றும் விழவில்லை. சபையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. சிலருக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. இரண்டு மாதமாகப் பேசிப் பேசிக் கால் வீங்கின ஜனம்.

இவரும் ஒரு பொருத்துப் பெட்டிதான் என்று ஜெசிந்தாவுக்கு அந்த நிமிசமே தெரிந்தது. சொல்ல வேண்டும் என்று தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் அவர் அவள் பக்கம் திரும்பி, "ஊருக்காக நீங்க பேசுங்க மேடம். படிச்சவங்க பேசினா மரியாதை" என்றார். அவளை யாரும் மேடம் என்று அழைத்ததில்லை. தலை ஆடிவிட்டது.

கூட்டத்தன்று கோயிலுக்கு முன்னால் பந்தல் போட்டு, மேடை போட்டு, மேசைக்கு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார். கடுகடுப்பானவர் இல்லை, தண்ணீர் கொடுத்த பெண்ணுக்கு நன்றி சொன்னார். திட்டத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்: வளர்ச்சி, வேலைவாய்ப்பு, தேசத்தின் தேவை. ஒரு கல்கூட விழவில்லை. ரகுபதி ஊர்க்காரர்களைப் பார்த்து, கவனித்தீர்களா என்கிற மாதிரி புன்னகை செய்தார்.

பிறகு ஜெசிந்தாவை ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவள் மனப்பாடம் செய்ததைச் சொல்லத் தொடங்கினாள். தகுந்த மாற்று ஏற்பாடு. பணிவுடன். அவள் குரல் பந்தலைத் தாண்டிக் கடல் வரைக்கும் போனது. அதிகாரி தலையசைத்தார், பக்கத்தில் இருந்தவர் எழுதிக்கொண்டார், எல்லாம் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"ஏட்டி ஜெசிந்தா!"

பிரகாசி அத்தை முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்காலடியில ஒண்ணுகூட விழலியே. யார் பேச்சட்டி பேசுத?"

ஜெசிந்தா தன் காலைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது, பெருக்கி வைத்த மாதிரி. இத்தனை மாதத்தில் அவள் காலடியில் ஒருநாளும் ஒரு கல் விழுந்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மற்றவர்கள் சொன்னதையெல்லாம் வாங்கிக்கொண்டவள். யாரும் வாங்க மறுக்கக்கூடிய ஒன்றைத் தானாக ஒருநாளும் சொன்னதே இல்லை.

ஒலிவாங்கியை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"நாங்க போக மாட்டோம்" என்றாள்.

பலாக்காய் அளவில் விழுந்தது. கால் சுட்டது. அவள் காலை எடுக்கவில்லை. வலியில் கண் கலங்க, ஆனால் ஏனோ சிரிப்பு வர, மறுபடியும் சொன்னாள், மறுபடியும் விழுந்தது. மெல்கியாஸ் எழுந்து வந்து சொன்னார். சூசை அண்ணன் சொன்னார், உயரத்துக்கும் கனத்துக்கும் சம்பந்தமில்லாத ஒரு கல் அவருக்கு விழுந்தது. வரிசை நீண்டது, வலை பின்னுகிறவர்கள், மீன் சுமக்கிறவர்கள், கைக்குழந்தைக்காரிகள், ஒவ்வொருவராக வந்து தங்கள் பேச்சைச் சொல்லி, விழுந்ததைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார்கள், மேடைக்கும் சனத்துக்கும் நடுவே ஆவி பறக்கிற ஒரு கரை எழுந்தது, அந்தக் கரையின் வெக்கையில் பந்தல் துணி மேல்நோக்கி உப்பியது.

அதிகாரி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்கள் கருத்துகள் பதிவு செய்யப்பட்டன" என்றார்.

அவர் காலடியில் ஒன்றும் விழவில்லை.

ஜெசிந்தா அதைப் பார்த்தாள். பதிவு செய்யப்பட்டதாம். யாரும் நம்பவில்லை, ஆனால் எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள், பழக்கத்தில். தண்ணீர் வரும் என்றபோதும், கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு கட்டுவோம் என்றபோதும் வாங்கிக்கொண்டது போலவே. அவர் சொல் ஒருநாளும் அவருக்குத் திரும்பினதில்லை. பிறகு தன் முன்னால் இருப்பது பொருந்தவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? அனுப்புகிற பெட்டி தனக்குத் திரும்பி வருவதை மட்டும்தான் உணரும்.

அவள் ஊரைப் பார்த்துத் திரும்பினாள். "இவிய சொல்றத இனிமே யாரும் வாங்காதிய" என்றாள்.

"எப்பிடிட்டி வாங்காம இருக்கது? காதுல விழுதே" என்றார் சூசை.

"காதுல விழட்டும். உள்ள விடாண்டாம்."

"அது ஒரு பெரிய வித்தையா?" என்றாள் அத்தை. "எம் புருசனக் கேளுங்க, சொல்லித் தருவாரு."

அதிகாரி பேசினார். இந்தத் திட்டத்தால் இப்பகுதி முன்னேறும் என்றார். ஊர் அவரை வெறுமனே பார்த்தது. முகங்கள் ஒவ்வொன்றாகக் கதவு சாத்துகிற மாதிரி சாத்திக்கொண்டன. ஆனாலும் கல் விழவில்லை. இந்தக் கரை ஆவணங்களின்படி பயன்பாட்டில் இல்லாத வெற்று மணல் என்றார். விழவில்லை. சனம் மேடைக்கு அடியில் குனிந்து பார்த்தது, ஒருவரை ஒருவர் பார்த்தது, கடைசியில் எல்லாக் கண்ணும் ஒரே இடத்துக்கு, ஜெசிந்தாவிடம், வந்து நின்றது.

அதிகாரிக்கும் அது எப்படியோ புரிந்தது. அவர் மற்ற எல்லோரையும் விட்டுவிட்டு, அவளைப் பார்த்து, ரொம்ப அன்பாகப் பேசினார்.

"நீ படிச்ச பொண்ணும்மா. இவங்களுக்குப் புரியாது, உனக்குப் புரியும். இது வெறும் மணல். இங்கே யாரும் இல்லை. உனக்கே தெரியும் இல்லையா?"

அந்தச் சொல் வந்துகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. கல்லூரியில் எத்தனையோ முறை வந்த வழிதான் அது. உன்னை மாதிரி இடத்திலிருந்து வந்தவங்களுக்கு இவ்வளவு மதிப்பெண் வந்ததே பெரிசு, என்று வந்தபோது திறந்த வழி. உன் உச்சரிப்பைக் கொஞ்சம் சரிபண்ணிக்கோ, என்று வந்தபோது திறந்த வழி. கழுத்தின் பின்னால் அந்தச் சின்ன நரம்பு இழுக்கத் தொடங்கியது. இன்னும் ஒரு கணத்தில் தலை ஆடிவிடும், அவள் கேட்காமலே, மரியாதைக்கு. கோபப்பட்டுப் பார்த்தாள், கோபம் வரவில்லை. அவளுக்குக் கோபமும் அவ்வளவு பழக்கமில்லை. ஆகவே தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தாள். அந்தச் சொல்லை அளந்தாள். இங்கே யாரும் இல்லை. மெல்கியாஸ் சித்தப்பா நிற்கிறார், இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். சூசை அண்ணன் நிற்கிறார், அவருக்கும் ஒரு பாகம். கால் சுட்டுக்கொண்டு அவள் நிற்கிறாள். பொருந்தவில்லை. எப்படித் திருகினாலும் பொருந்தவில்லை.

தலை ஆடவில்லை.

மேடைப் பலகையில் இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். ஆட்டுக்கல் அளவில், புகைந்துகொண்டு, அதிகாரியின் பாதரட்சைக்கு ஒரு விரல் தள்ளிக் கிடந்தது அவருடைய சொல். அவர் "இது என்ன" என்றார். அது விழவில்லை, அவருக்கு உண்மையாகவே தெரியாது என்பதைச் சனம் நம்பியது. ஆனால் அதுவரைக்கும் அவள் ஒருத்தி தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த எல்லாமே அப்போது வரிசையாக வந்து விழுந்தன: வளர்ச்சி விழுந்தது, வேலைவாய்ப்பு விழுந்தது, தேசத்தின் தேவை மேசையையே உடைத்துக்கொண்டு விழுந்தது. ரகுபதி, "நான் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன்" என்று எழுந்தார். அவர் விளக்கமெல்லாம் சரளைக் கற்களாகக் கொட்டி, அவரை நாற்காலியோடு பின்னால் நகர்த்தியது.

சூடு அதிகமானால் ரேடியோ தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் சத்தத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படித்தான் அதிகாரியின் குரலும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சிறுத்துக்கொண்டே வந்தது. ஒலிபெருக்கி நன்றாகத்தான் வேலை செய்தது, குரல்தான் இல்லை. கடைசியில் பக்கத்தில் இருந்தவருக்கே கேட்குமோ கேட்காதோ என்கிற அளவில், "கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது" என்றார். அதைச் சனம் வாங்கிக்கொண்டது.

அவர்கள் கிளம்பினபோது பிரகாசி அத்தை வழியை மறித்து நின்றாள்.

"சார், எங்க பேச்ச நாங்க அள்ளிக்கிட்டோம். ஒங்க பேச்ச நீங்க அள்ளிட்டுப் போங்க. எங்க கரையில கண்டதப் போட்டுட்டுப் போகக் கூடாது."

அது விழவில்லை. எழுதிக்கொண்டிருந்தவரும் ஓட்டுநரும் ரகுபதியுமாகச் சேர்ந்து, கை சுட, துணியைச் சுற்றி ஒவ்வொன்றாகத் தூக்கி ஜீப்பின் பின்னால் ஏற்றினார்கள். ஊர் வேடிக்கை பார்த்தது. யாரும் கை கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் ஏற்றி முடித்து வண்டியைக் கிளப்பினால், கனத்தில் சக்கரங்கள் மணலில் புதைந்து சுற்றின. ஓட்டுநர் முன்னால் எடுத்துப் பார்த்தார், பின்னால் எடுத்துப் பார்த்தார். வண்டி இன்னும் புதைந்தது.

அதிகாரி வெளியே தலையை நீட்டினார். வியர்வையில் சட்டை நனைந்து, முடி கலைந்திருந்தது. பிறகு சொந்தக் குரலில், வீட்டில் பேசுகிற குரலில் கேட்டார்.

"கொஞ்சம் தள்ளி விடுங்கப்பா."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒன்றும் விழவில்லை. யார் வாங்கிக்கொண்டது என்று தெரியவில்லை; ஒருவேளை எல்லோருமேதான். ஜெசிந்தா முதலில் போய்ப் பின்பக்கத் தகட்டில் கையை வைத்தாள். மெல்கியாஸ் தோளைக் கொடுத்தார், சூசை அண்ணன் இடுப்பைக் கொடுத்தார், அத்தை கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள், பின்னால் ஊரே வந்தது. காலமெல்லாம் வள்ளம் தள்ளின கைகள் அவை. ஒருமூச்சில் வண்டி மணலை விட்டு எழும்பியது. எழும்பின பிறகும் யாரும் கையை எடுக்கவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கோயிலைத் தாண்டி, ஐஸ் கட்டிக் கொட்டகையைத் தாண்டி, பாலத்துக்கு அந்தப் பக்கம் தார்ச்சாலை தொடங்குகிற இடம் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்கள்.